மீதி ஒற்றையானால் ஆண்

சீனத்துக் கணித நூல்களுள் உலகம் இன்றும் மறவாமல் போற்றுகின்ற ஒன்று 'சுன்ட்சு சுவான்சிங்'. சுன்ட்சுவின் கணித நூல் என்பது இதன் பொருள். போர்க்கலை எழுதிய சுன்ட்சு வேறு. இவர் அவருக்குப் பல நூற்றாண்டுகள் பிந்தியவர். கி.பி. 3ஆம் நூற்றாண்டுக்கும் 5ஆம் நூற்றாண்டுக்கும் இடையில் இந்நூல் எழுந்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர் கணிப்பு. மூன்றால் வகுத்தால் இரண்டும், ஐந்தால் வகுத்தால் மூன்றும், ஏழால் வகுத்தால் இரண்டும் மீதி தருகின்ற எண் எது என்று ஒரு கணக்கு இதன் மூன்றாம் பகுதியில் வருகிறது. விடை 23. 'சீன மீதித் தேற்றம்' என்று இன்று உலகெங்கும் கற்பிக்கப்படும் கருத்தின் முதல் தடம் இக்கணக்குதான். கணினிகளில் இரகசியக் குறியீடுகளைக் கையாளும் முறைகள் வரை அதன் பயன் நீண்டிருக்கிறது.

அதே மூன்றாம் பகுதியின் இறுதிக் கணக்கைப் பற்றி அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. கருவுற்ற பெண் ஒருத்திக்கு வயது 29, மாதம் ஒன்பது. பிறக்கப்போவது ஆணா பெண்ணா என்பது வினா. வழியும் தரப்பட்டிருக்கிறது. 49ஐ வைத்துக்கொள்ள வேண்டும். அதனோடு மாதத்தைக் கூட்டித் தாயின் வயதைக் கழிக்க வேண்டும். வருவதிலிருந்து வானுக்காக ஒன்று, நிலத்துக்காக இரண்டு, மனிதனுக்காக மூன்று, பருவங்களுக்காக நான்கு, பூதங்களுக்காக ஐந்து, சுருதிக் குழல்களுக்காக ஆறு, விண்மீன்களுக்காக ஏழு, காற்றுகளுக்காக எட்டு, நாட்டின் பிரிவுகளுக்காக ஒன்பது என்று இயன்ற மட்டும் வரிசையாகக் கழித்துக்கொண்டே போக வேண்டும். எஞ்சுவது ஒற்றைப்படை என்றால் ஆண். இரட்டைப்படை என்றால் பெண். 49உம் 9உம் 58. அதில் 29 போனால் 29. ஒன்று முதல் ஏழு வரை கழித்தால் போவது 28. மீதி ஒன்று. ஆகவே ஆண் என்று நூல் முடிவு சொல்லி நிறைவடைகிறது.

இக்கணக்கை நாம் ஒரு முறை மாற்றிப் போட்டுப் பார்ப்போம். தாயின் வயதை 28 என்று வைத்துக்கொண்டால் 30 வரும். 28 போக மீதி இரண்டு. பெண். பழைய சீன முறையில் பிறந்த குழந்தைக்கு அன்றே வயது ஒன்று. அடுத்த புத்தாண்டு வந்ததும் இரண்டு. ஆண்டின் கடைசி நாளில் பிறந்த குழந்தை மறுநாள் இரண்டு வயதாகிவிடும். ஆகவே ஒரே தாய், ஒரே கரு, இடையில் புத்தாண்டு ஒன்று வந்துவிட்டால் விடை மாறிவிடும். எண்களை இவ்வளவு நுட்பமாகக் கையாளத் தெரிந்த நூலுக்கு இது தெரியாமல் போயிருக்குமா என்று வியப்பு எழலாம். 'இடைச்செருகல்' என்று சொல்லி ஒதுக்கிவிடவும் தோன்றும். நம் பதிப்பு மரபில் நமக்குப் பிடிக்காத செய்யுள்களுக்கு நாம் வழங்கும் வசதியான பெயர் அது. ஆனால் நூல் நமக்கு வந்து சேர்ந்திருக்கும் வடிவில் இரு கணக்குகளும் ஒரே பகுதியில், சில பக்க இடைவெளியில் நிற்கின்றன. கேட்கப்பட்ட கேள்விக்கு அக்காலத்தில் அத்தனை பெறுமதி இருந்திருக்கிறது என்பதே இதில் கவனிக்க வேண்டியது.

*

இன்று 'சீன முறை' என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது இக்கணக்கு அன்று. கட்டம் கட்டமாக வரையப்பட்ட ஓர் அட்டவணை. கருவுறும்போது தாயின் வயது ஒரு பக்கம், கருவுற்ற மாதம் மறு பக்கம். 18 முதல் 45 வரை வயதுகள் இருபத்தெட்டு; மாதங்கள் பன்னிரண்டு; ஆக 336 கட்டங்கள். ஒவ்வொன்றிலும் ஆண் அல்லது பெண். எழுநூறு ஆண்டுகளுக்கு முன் பெய்ஜிங் அருகே அரச கல்லறை ஒன்றில் கிடைத்தது என்றும், சிங் அரண்மனையில் காக்கப்பட்டது என்றும் கதைகள் கூடவே வரும். அந்தக் கல்லறை எந்த அரசனுடையது, திறந்தவர் யார், எந்த ஆண்டில் என்ற விவரங்கள் மட்டும் வருவதில்லை.

உள்ளே நுழைந்து பார்த்தாலும் ஐயம் வலுக்கவே செய்யும். சீன நாட்காட்டி நிலவின் போக்கையும் கதிரவனின் போக்கையும் இணைத்துச் செல்வது. 19 ஆண்டுகளில் ஏழு முறை அதிகப்படியாக ஒரு மாதம் சேர்க்கப்படும். அவ்வாண்டுகளில் மாதங்கள் பதின்மூன்று. அட்டவணையிலோ பன்னிரண்டே வரிசைகள். அதிக மாதத்தில் கருவுற்றவள் எந்தக் கட்டத்தைப் பார்ப்பது என்று அது சொல்வதில்லை. அரண்மனை வானநூலார் செய்த அட்டவணை என்றால் அவர்கள் தம் நாட்காட்டியின் அடிப்படையையே மறந்துவிட்டார்கள் என்று நம்ப வேண்டியிருக்கும். போதாக்குறைக்கு, புழக்கத்தில் இருக்கும் படிகள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதும் இல்லை.

இதையும் ஒருவர் சோதிக்காமல் விடவில்லை. 1973 முதல் 2006 வரை சுவீடனில் பதிவான 28 லட்சத்துக்கும் மேற்பட்ட பிறப்புகளை எடுத்துக்கொண்டு, அட்டவணை சொன்னதையும் பிறந்ததையும் ஆய்வாளர்கள் ஒப்பிட்டனர். முடிவு 2010இல் வெளியானது. தற்செயலைத் தாண்டிய ஒப்புமையை அளக்க ஒரு குறியெண் உண்டு. முற்றிலும் ஒத்துப்போனால் ஒன்று. வெறும் தற்செயல் என்றால் சுழியம். கிடைத்த எண் 0.0002. நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பதற்கும் அட்டவணையைப் பார்ப்பதற்கும் வேறுபாடு இல்லை என்று பொருள்.

பிறகு ஏன் இது சாகவில்லை? விடை கடினமானதன்று. இரண்டே விடைகள் உள்ள கேள்விக்கு எதைச் சொன்னாலும் பாதிப் பேருக்குப் பலிக்கும். பலித்தவர் சொல்லிக்கொண்டே இருப்பார். பலிக்காதவர் குழந்தையைக் கொஞ்சுவதில் மறந்துவிடுவார். அல்லது நிலாக்கணக்கில் வயதைப் பிசகாகக் கணக்கிட்டுவிட்டோம் என்று தம்மையே நொந்துகொள்வார். முறையின் மீது பழி விழாதபடி காக்கும் ஏற்பாடு முறைக்குள்ளேயே இருக்கிறது.

*

பெயரில்லாத கல்லறையை விட்டுவிட்டுப் பெயருள்ள ஒரு கல்லறைக்குப் போகலாம். ஹூனான் மாநிலத்துச் சாங்ஷா நகரருகே மாவாங்தூய் என்னுமிடத்தில் மூன்றாம் எண் கல்லறையை 1973இல் தோண்டியபோது பட்டில் எழுதப்பட்ட சுவடிகள் கிடைத்தன. அக்கல்லறை மூடப்பட்டது கி.மு. 168இல். அச்சுவடிகளுள் ஒன்று கருவளர்ச்சியையும் பேற்றையும் பற்றியது. 'தாய்ச்சான்ஷு' என்று பெயரிட்டிருக்கிறார்கள். உண்மையான கல்லறையிலிருந்து வந்த இந்த உண்மையான சுவடி, போலிக் கல்லறையின் அட்டவணை சொல்வதற்கு நேர் மாறான ஒன்றைச் சொல்கிறது. முதல் மாதங்களில் கரு ஆணென்றோ பெண்ணென்றோ உறுதிப்படுவதில்லை. மூன்றாம் மாதத்தில் தாய் எதைக் காண்கிறாளோ அதற்கேற்ப உருக்கொள்கிறது என்பது அதன் கொள்கை. ஆண் வேண்டுமானால் வில்லும் அம்பும் அருகே வைத்து, ஆண் விலங்குகளையும் பறவைகளையும் பார்க்க வேண்டும். பெண் வேண்டுமானால் கொண்டை ஊசியும் காதணியும் அணிய வேண்டும். கருவுற்ற மாதத்திலேயே எல்லாம் முடிந்துவிட்டது என்னும் அட்டவணையும், மூன்றாம் மாதம் வரை எதுவும் முடியவில்லை என்னும் சுவடியும் ஒரே நேரத்தில் மெய்யாக இருக்க முடியாது. 'சீன மரபு' என்று ஒருமையில் பேசுகிறவர்கள் இதைக் கருத வேண்டும்.

இன்னொன்றும் இச்சுவடியில் நமக்கு முக்கியமாகப் படுகிறது. அதில் பெண் வேண்டுவோருக்கும் வழி இருக்கிறது. கி.பி. 7ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பெருமருத்துவர் சுன் சிமியாவின் நூலுக்கு வரும்போது பெண் கருவை ஆண் கருவாக மாற்றும் முறைகள் தனித் தலைப்புப் பெற்றுவிடுகின்றன. தாயின் கட்டிலுக்கடியில் கோடரி ஒன்றை வெட்டுவாய் கீழ்நோக்கி இருக்க, யாருக்கும் தெரியாமல் வைப்பது அவற்றுள் ஒன்று. ஆணைப் பெண்ணாக்கும் முறைக்கு அப்படியொரு தேவை எழவில்லை.

நாடி பார்த்துச் சொல்லும் வழக்கமும் பழமையானது. கி.பி. 3ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வாங் ஷூஹவின் 'மாய்ஜிங்' என்னும் நாடிநூல், நான்காம் மாதத்தில் இடக்கை நாடி விரைந்தால் ஆண், வலக்கை நாடி விரைந்தால் பெண், இரண்டும் விரைந்தால் இரட்டைப் பிள்ளை என்று வகுக்கிறது. இடப்பக்கம் யாங், வலப்பக்கம் யின். ஆண் யாங், பெண் யின் என்ற தத்துவப் பாகுபாடே இங்கே மருத்துவக் குறியாகிவிட்டது. சுன்ட்சுவின் கணக்கில் ஒற்றை ஆணாகவும் இரட்டை பெண்ணாகவும் ஆனதும் இதே பாகுபாட்டினால்தான். உலகத்தை இரண்டாக வகுத்துக்கொண்ட சிந்தனை, வயிற்றுக்குள் இருப்பதையும் அந்த வகுப்புக்குள் வைத்துப் படிக்க முயன்றது. அதில் ஓர் அழகு இருக்கிறது என்பதை மறுப்பதற்கில்லை. இலக்கியம் பயின்ற நமக்கு, திணையும் துறையும் வகுத்து வாழ்வைப் படித்த மரபில் வந்த நமக்கு, அதன் ஈர்ப்பு புரியும்.

ஆனால் கணக்கு, நாடி, அட்டவணை ஆகிய மூன்றையும் அருகருகே வைத்துப் பார்த்தால் வேறொன்றும் புலப்படும். கணக்கில் தாயின் வயது. நாடியில் தாயின் மணிக்கட்டு. அட்டவணையில் மறுபடியும் தாயின் வயது. தந்தை எங்கும் இல்லை. அவனது வயதைக் கேட்பாரில்லை. அவனது நாடியைப் பிடிப்பாரில்லை. குழந்தை ஆணாவதும் பெண்ணாவதும் தந்தையின் விந்தணு கொண்டுவரும் நிறத்திரியைப் பொறுத்தது என்பது 1905இல் நெட்டி ஸ்டீவன்ஸ் என்ற அமெரிக்கப் பெண் அறிவியலாளர் மாவுப்புழுக்களை ஆராய்ந்து கண்டவற்றிலிருந்து தெளிவாகத் தொடங்கியது. அதற்குப் பிறகும் அட்டவணை தந்தைக்கு ஒரு வரிசை ஒதுக்கவில்லை.

தாயை மட்டுமே வினவும் இந்த முறைகளை, பழைய சீனச் சட்டத்தோடு சேர்த்துப் படிக்க வேண்டும். மனைவியை விலக்கிவைக்கக் கணவனுக்கு ஏழு காரணங்களை மரபு வகுத்திருந்தது. மகன் இல்லாமை அவற்றுள் ஒன்று. மூதாதையர்க்குப் படையலிடும் உரிமை ஆண்வழியில் மட்டுமே சென்ற சமூகத்தில் மகனில்லாத வீடு அணைந்த வீடு. கி.மு. 3ஆம் நூற்றாண்டிலேயே ஹான் ஃபெய் என்ற சிந்தனையாளர், ஆண் பிறந்தால் பெற்றோர் மகிழ்வதையும் பெண் பிறந்தால் கொல்வதையும், நாட்டில் யாவரும் அறிந்த செய்தியைச் சொல்லும் தொனியில் எழுதிச் செல்கிறார். தமிழில் 'கவித்தொகை' என்ற பெயரில் சில பாடல்கள் வந்திருக்கும் ஷிசிங் தொகுப்பின் ஒரு பாடலில் பிறந்த ஆண் குழந்தைக்குக் கட்டிலும் விளையாடப் பச்சைக்கல்லும். பெண் குழந்தைக்குத் தரையும் சுட்ட மண் வில்லையும். 'ஆணா பெண்ணா' என்று கேட்டவர்கள் பொழுதுபோக்குக்காகக் கேட்கவில்லை. அக்கேள்வியின் விடையில் ஒரு பெண்ணின் வீடும் ஒரு குழந்தையின் உயிரும் தொங்கின.

*

முறைகள் பொய் என்பதைக் காட்டிவிட்டால் கடமை முடிந்தது என்று பகுத்தறிவாளர்கள் பலர் கருதுகிறார்கள். நாம் வேறுபடுவது இங்கேதான். பொய்யான முறைக்குப் பதில் மெய்யான முறை வந்தபோது என்ன நடந்தது என்பதைச் சீனத்தின் அண்மை வரலாறு எழுதிவைத்திருக்கிறது.

1980 அளவில் ஒரு குழந்தைக் கொள்கை நடைமுறைக்கு வந்தது. அதே பத்தாண்டில் ஸ்கேன் கருவிகள் சிற்றூர் மருத்துவமனைகள் வரை சென்று சேர்ந்தன. கோடரியும் வில்லும் இனி வேண்டாம், திரையில் பார்த்துவிடலாம். இயல்பாக 100 பெண் குழந்தைகளுக்கு 105 அல்லது 106 ஆண் குழந்தைகள் பிறக்கும். சீனத்தில் 2004இல் அது 121 ஆயிற்று. 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 118. இருபது வயதுக்குட்பட்டோரில் ஆண்கள் பெண்களைவிட 3 கோடியே 20 லட்சம் பேர் மிகுதி என்று 2005ஆம் ஆண்டுத் தரவுகளைக் கொண்டு ஓர் ஆய்வு 2009இல் கணக்கிட்டது. அதே ஆய்வின்படி இரண்டாம் பேற்றில் மட்டும் விகிதம் 143. முதல் குழந்தை பெண்ணானால் இன்னொன்று பெறலாம் என்று நாட்டுப்புறங்களில் அரசு விட்டிருந்த சலுகை, அந்த இன்னொன்று மகனாகவே இருக்க வேண்டும் என்ற கட்டாயமாயிற்று. இந்த எண்களுக்குள், பதிவேட்டில் ஏறாமல் உறவினர் வீடுகளில் மறைத்து வளர்க்கப்பட்ட சிறுமிகளும் உண்டு என்பதைச் சொல்லியாக வேண்டும். பதிவேட்டில் காணாத பெண் ஒவ்வொருத்தியும் கொல்லப்பட்டவள் அல்லள். ஆயினும் கருவிலேயே அழிக்கப்பட்டவர்களின் தொகை பெரிது என்பதில் ஐயமில்லை.

1994 அக்டோபரில் சீனம் தாய்-சேய் நலச் சட்டம் இயற்றிக் கருவின் பாலை அறிவிப்பதைத் தடைசெய்தது. அதற்கு ஒரு மாதம் முன்புதான் இந்தியா தன் தடைச் சட்டத்தை நிறைவேற்றியிருந்தது. இமயத்தின் இருபுறமும் ஒரே நோய்க்கு ஒரே ஆண்டில் ஒரே மருந்து. 1997இல் ஹாங்காங் அறிவியலாளர் டென்னிஸ் லோவும் உடன் ஆய்ந்தோரும் தாயின் குருதியிலேயே கருவின் மரபுப் பொருள் மிதப்பதைக் கண்டுபிடித்தனர். ஆண் கருவின் அடையாளத்தைக் கொண்டே அதை முதலில் நிறுவினர். மரபுக் குறைபாடுகளை ஊசி குத்தாமல் அறிய உதவும் அரிய கண்டுபிடிப்பு அது. அதன் வழியே, தடையுள்ள பெருநிலத்திலிருந்து தடையில்லாத ஹாங்காங்குக்குக் குருதிக் குப்பிகளைக் கடத்திப் பால் அறியும் வணிகமும் முளைத்தது. மூவாயிரம் ஆண்டுப் பழைய கேள்வி, தனக்குக் கிடைத்த ஒவ்வொரு கருவியையும் வசப்படுத்திக்கொண்டது.

பொய்க் கணக்கின் காலம் கருணை மிக்கது என்று நாம் சொல்ல வரவில்லை. ஹான் ஃபெய் எழுதியதைப் படித்தவர்கள் அப்படிச் சொல்ல முடியாது. ஆனால் சுன்ட்சுவின் மீதி பெண் என்று காட்டினாலும், அது பிசகலாம் என்ற நம்பிக்கையில் பத்தாம் மாதம் வரை காத்திருந்தார்கள். பிறந்த முகத்தைப் பார்த்த பிறகு மனம் மாறியவர்கள் இருந்திருப்பார்கள். திரை அந்த வாய்ப்பைத் தரவில்லை. கேள்வியைத் தொடாமல் விடையை மட்டும் திருத்தினால் விளைவது இதுதான்.

மோ யான் 2009இல் எழுதிய 'தவளை' நாவலை நண்பர்கள் இந்த வெளிச்சத்தில் மறுபடி படிக்க வேண்டும். ஆயிரக்கணக்கான குழந்தைகளை இவ்வுலகுக்குக் கொண்டுவந்த மருத்துவச்சியே, பின்னர் அரசின் கையாகிக் கருக்களை அழிக்கிறாள். பிறவாமற் போன அக்குழந்தைகள் முதுமையில் களிமண் பொம்மைகளாக அவளது வீட்டை நிறைக்கின்றன. சீன மொழியில் தவளை என்ற சொல்லும் குழந்தை என்ற சொல்லும் ஏறத்தாழ ஒரே ஒலியுடையவை. எண்களால் சொல்ல முடியாத ஒன்றை அந்தக் களிமண் சொல்லிவிடுகிறது.

*

அட்டவணையைப் பார்ப்பது வெறும் விளையாட்டு, வளைகாப்பு வீட்டுச் சிரிப்பு, இதற்கு இவ்வளவு பேச்சா என்று சிலர் கேட்கக்கூடும். எந்த விடை வந்தாலும் ஒரே அளவு சிரிப்பு எழுகிற வீட்டில் அது விளையாட்டுத்தான். நமக்கு அதில் வழக்கில்லை. ஆண் என்று வந்தால் ஒரு சிரிப்பும் பெண் என்று வந்தால் 'சும்மா, இதெல்லாம் பொய்' என்ற சமாதானமும் எழுகிற வீட்டில் அது விளையாட்டு அன்று. சோதித்துப் பார்ப்பதும் எளிது: விடை வந்த கணத்தில் கருவுற்றவளின் முகத்தைப் பார்த்தால் போதும்.

சீனத்தில் 'சாவ்தி' என்று பெண்களுக்குப் பெயரிடும் வழக்கம் இருந்தது. 'தம்பியை அழைத்து வா' என்பது அதன் பொருள். வாழ்நாள் முழுதும் வேறொருவனின் வருகைக்கான வேண்டுதலைத் தன் பெயராகச் சுமந்தவள் அவள். 'போதும்பொண்ணு' என்றும் 'வேண்டாம்' என்றும் பெயர் தாங்கிய பெண்களை அறிந்த நமக்கு அப்பெயருக்கு உரை எழுத வேண்டியதில்லை. ஆகவே இதைச் சீனரின் மூடநம்பிக்கை என்று கைதட்டிச் சிரிக்கும் தகுதி நமக்கு இல்லை.

ஒரு குழந்தைக் கொள்கை 2016 தொடக்கத்தோடு முடிவுக்கு வந்தது. 2021இல் மூன்று வரை பெறலாம் என்றாயிற்று. 2020 கணக்கெடுப்பில் பிறப்பு விகிதம் 111க்கு இறங்கியிருக்கிறது. கல்வியும் நகர வாழ்வும் ஓய்வூதியமும் மகனைச் சார்ந்திருக்கும் தேவையைக் குறைக்கக் குறைக்க, கேள்வியின் பாரமும் சிறிது சிறிதாக இறங்குகிறது என்பதற்கு இது அடையாளம். தடைச் சட்டம் மட்டுமே இதைச் செய்திருக்க முடியாது. அட்டவணையைப் பொய் என்று நிறுவிய சுவீடன் ஆய்வும் செய்திருக்க முடியாது. மகளும் படையலிடலாம், மகளும் சோறு போடுவாள் என்று வீடுகள் தாமாகக் கண்டுகொண்ட இடங்களில்தான் அது இறங்குகிறது.

சுன்ட்சுவின் நூலைக் கற்பிக்கிறவர்கள் 23 என்ற விடையோடு நிறுத்திக்கொள்ளாமல் கடைசிக் கணக்கையும் சேர்த்தே கற்பிக்க வேண்டும் என்பது நம் கருத்து. எண்ணைக் கண்டுபிடித்த அறிவும் பெண்ணை எண்ணிப் பார்த்த அச்சமும் ஒரே கையில் இருந்தன என்பதை மாணவர் அறியட்டும். அக்கணக்கில் வருகிற 29 வயதுப் பெண்ணுக்கு நூலில் பெயர் இல்லை. மீதி இரண்டு வந்திருந்தால் அவளுக்கு என்ன நேர்ந்திருக்கும் என்று வகுப்பில் ஒரு மாணவி எழுந்து கேட்பாளேயானால், அதுவே அப்பாடத்தின் பயன்.